திரும்பிப் போக ஓர் ஊர்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, வாயை மூடுவதற்குள்ளேயே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. 2025 தை மாதம், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், வைத்துக் கேட்டது. வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவரிடம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விதான். என் அப்பா கேட்டிருக்கிறார், நான் குடியிருக்கிற வீட்டுக்காரர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் கேட்டது மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. எழுதினால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒன்றும் இல்லை. சரி, எழுதித்தான் பார்ப்போமே.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாடகை கொடுக்கிறவன், வாடகை வாங்குகிறவனும்கூட. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறேன். மாதம் 10,500 ரூபாய், தண்ணீருக்கு 300, கரண்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு 2016-லிருந்து கொடுக்கிறதே, அது கீழ்வீட்டு இணைப்போடு நின்றுவிடும். மாடிப்படி அடியில் இருக்கிற சப்மீட்டருக்கு இலவசம் எல்லாம் தெரியாது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துவிடுவார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. காற்றடித்தால் தேதி தானாகப் புரளும். அப்பா படம் பீரோ மேல் சாய்ந்திருக்கிறது.

அங்கிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில், கல்லிடையில், அப்பா வீடு. எனக்கும் சென்னையில் இருக்கிற அக்காவுக்கும் பொது. தார்சா, பட்டாசல் என்கிற உள்கூடம், அடுக்களை, புறவாசலில் கிணறு, மேலே ஒரு மச்சு. அம்மாவும் போன பிறகு நான்கு வருஷம் பூட்டியே கிடந்தது.

மாற்றல் வருகிற ஆட்கள்

அப்பா காலத்தில் மச்சை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். பேங்க் கிளார்க், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரர், மின்வாரியத்து என்ஜினீயர், ஹைஸ்கூல் வாத்தியார் என்று வரிசையாக இருந்துவிட்டுப் போனார்கள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஸ்டாஃபாக இருந்த ஒருத்தர் குடும்பத்தோடு வந்து கேட்டபோது அப்பா கொடுக்கவில்லை. மில் வேலை நிரந்தரம், அந்த ஆள் கிளம்ப மாட்டார் என்பது அப்பா கணக்கு. "மூணு வருஷத்துல மாத்தல் வாற ஆளுக்குத்தான் வீடு குடுக்கணும்" என்பார். வாடகை ஒழுங்காக வருமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாவது. எப்போது போவார் என்பதுதான் முதல் தகுதி.

தஞ்சாவூர்ப் பக்கத்து பேங்க் கிளார்க் ஒருத்தர் ஐந்து வருஷம் இருந்தார். அவர் வீட்டு அக்காதான் எனக்கு முதன்முதலில் கணக்குப் பாடத்தில் நூறு வாங்க வைத்தது. மாற்றல் வந்து கிளம்பிய அன்று எங்கள் அம்மாவும் அந்த அக்காவும் அடுக்களையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். சாமான் ஏற்றிய லாரி தெருமுக்கு திரும்பும்போதே அப்பா வெள்ளையடிக்கிற ஆளுக்குச் சொல்லிவிட்டுவிட்டார். அடுத்து வந்தவருக்கு 50 ரூபாய் கூட. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவரும் கண் கலங்கித்தான் நின்றார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இப்போது அந்த மாற்றல்காரர்கள் வருவதே இல்லை. பேங்கில் வேலை பார்க்கிறவர் பாளையங்கோட்டையிலிருந்து காலையில் ரயிலிலோ பைக்கிலோ வந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பிவிடுகிறார். வாத்தியார்களும் அப்படித்தான். பிள்ளைகள் பாளையங்கோட்டையில் படிக்க வேண்டும், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். நானே அந்தக் கூட்டத்தில் ஒருத்தன், அவர்களைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கல்லிடையில் வீடுகள் காலியாகக் காலியாகப் பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் மாடிமேல் மாடி ஏறியது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதிலும் ஒரு மாற்றம். வண்ணாரப்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் தரைவீடு என்றாலே முதலில் "தண்ணி வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். மாடிக்கு ஏற முடியாத வயசாளிகளுக்குத்தான் திண்டாட்டம்.

ஒரு நாள் சாயங்காலம் கல்லிடைத் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து எண்ணிப் பார்த்தேன். 36 வீட்டில் 9 பூட்டிக் கிடக்கிறது. நாடு முழுக்க இரண்டரைக் கோடி வீடு காலியாகக் கிடப்பதாக 2011 கணக்கெடுப்பு சொன்னபோது அது பம்பாய் ஃபிளாட்டுகளின் கதை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் 9 வீட்டுக்கும் 9 கதை இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை, அமெரிக்காவில் இருக்கிற மகன் கோயில் கொடைக்கு வந்தால் தங்க வேண்டும், போன தடவை குடியிருந்தவன் ஆறு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய பயம்: வாடகைக்காரனை உள்ளே விட்டால் கிளப்ப முடியாது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கிளப்பிவிட்ட பயம் இது. அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2017-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் "அப்படியா" என்பார்கள். பூட்டு அப்படியே தொங்கும்.

இப்போது கேட்டு வருகிறவர்கள்

வீட்டை விடலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்ததும் டீக்கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன். போர்டு எல்லாம் மாட்டவில்லை. கல்லிடையில் டீக்கடைதான் போர்டு.

வெளியூர்க்காரர்கள்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் உள்ளூர். அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மா வந்தார்கள். பிறந்த வீட்டை மூன்று அண்ணன்மார் விற்றுப் பங்கு போட்டுவிட்டார்கள், கட்டிக்கொடுத்த வீடு மூத்த மகள் கல்யாணத்தில் போய்விட்டது. அப்பளக் கம்பெனியில் மாவு தேய்க்கப் போகிறார்கள். எங்கள் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் தண்ணி எறச்சிருக்கேன் தம்பி, எங்க கெணறு வத்துன வருஷம்" என்றார்கள். என்ன முன்பணம் என்று கேட்டார்கள். 50,000 என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள், அப்புறம் வரவில்லை. ஒத்திக்குப் பிடிக்க ரொக்கமும் இல்லை, மாத வாடகைக்கு முன்பணமும் இல்லை என்ற நிலைமையில் உள்ளூர்க்காரர்களே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

செட்டிகுளத்தில் இருக்கிற சித்தப்பா மகனிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் ஊர்க் கதையே வேறு. கூடங்குளத்தில் இரண்டு அணு உலை ஓடுகிறது, 3, 4-க்கு 2017-லும் 5, 6-க்கு 2021-லும் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் ஆட்டுத்தொழுவம்கூட ரூம் ஆகிவிட்டது. அவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையில் நான்கு அறை போட்டு, பீகார், ஜார்கண்ட் பையன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டிருக்கிறான். ஒரு ரூமில் எட்டுப் பேர். ஷிஃப்ட் மாறும்போது பாயும் ஆள் மாறும். அதே அறையை உள்ளூரில் காதல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி கேட்டபோது கொடுக்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"வடக்கத்தியான்னா வேலை முடிஞ்சா ரயில் ஏறிருவான். அவனுக்கு அங்க வீடு இருக்குல்லா. இதுக வீட்டுல சேக்க மாட்டாவ, இங்கயே வேர் விட்டுரும்."

அப்போது சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

நாலுமுக்கு

தை மாதம் அந்தக் குடும்பம் வந்தது. ஒரு வயசான அம்மா, அவர்கள் மகள், மகளுக்கு ஒரு பெண்பிள்ளை, பத்தாம் வகுப்பு. மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு தார்சாவில் ஓரமாக நின்றார்கள். உட்காரச் சொன்னேன். பெரியம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். தை மாதத்துக் காலை வெயில் ஏறியாகிவிட்டது, கல்லிடையில் யாரும் அந்த நேரத்துக்கு ஸ்வெட்டர் போட மாட்டார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் மலையிலிருந்து ஊத்து பஸ் வந்து நின்றால் இறங்குகிற எஸ்டேட் ஆட்களை நாங்கள் ஸ்வெட்டரை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"நாலுமுக்கு" என்றார்கள் மகள்.

"அது எஸ்டேட்டுல்லா. நான் கேக்கது சொந்த ஊரு."

அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "எங்க தாத்தா காலத்துல சங்கரன்கோயில் பக்கம்னு சொல்லுவாவ. ஊர் பேரு எனக்கு வெளங்கல. நான் பெறந்தது, கெட்டிக்கிட்டது, அவுக போய்ச் சேந்தது எல்லாம் நாலுமுக்குதான். அப்ப அதாம் சொந்த ஊரு."

அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. காபி போடச் சொல்ல அந்த வீட்டில் ஆளும் கிடையாது.

இந்தச் 'சொந்த ஊர்' கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து தெருப் பெயரைக் கேட்போம். தெருப் பெயர் வந்ததும் சாதி வந்துவிடும். நேராகக் கேட்டதாகவும் இருக்காது, தெரியாமல் விட்டதாகவும் இருக்காது. எங்கள் தெருவில் எத்தனையோ பேரை இந்த ஒரு கேள்வியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், என் அப்பா உட்பட. அன்றைக்கு என் மனதிலும் அது இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெரியம்மா பதில் சொன்னபோது எனக்குள் அடித்த மணி வேறு. இவர்கள் வந்தால் திரும்பிப் போக இடம் இல்லையே என்பதுதான் அது.

மாஞ்சோலை கதையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த மலை, நாலுமுக்கும் ஊத்தும் அதில்தான். 2028-ல் முடிய வேண்டிய குத்தகை, 2024-லேயே கம்பெனி கிளம்புகிறேன் என்று விருப்ப ஓய்வுத் தாளை நீட்டிவிட்டது. அந்த வருஷம் டிசம்பரில் கோர்ட்டும் கைவிட்டது. எனக்கு அன்றுதான் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கம்பெனியின் லைன் வீட்டில் இருந்த இந்த ஜனங்கள் ஒருநாளும் வாடகை கொடுத்ததில்லை, வீடு சொந்தமாகவும் இருந்ததில்லை. வேலை இருந்தால் வீடு. அந்தக் கம்பெனியே மலையில் வாடகைக்கு இருந்த ஆள்தான். வாடகைக்காரன் காலி செய்தபோது அவன் நிழலில் இருந்தவர்களும் சேர்ந்து இறங்க வேண்டியதாயிற்று.

"வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல ஜனங்கதான், ஒரு பேச்சு சொல்ல முடியாது. ஆனா குடுக்காதீய. போக எடம் இல்லாத ஆளுக. உள்ள வந்தா கெளம்ப மாட்டாவ." பக்கத்து வீட்டு ஆச்சியும் இதையே சொன்னார்கள். அக்கா சென்னையிலிருந்து இதையே சொன்னாள். அப்பா இருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது எனக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பெருமாள்புரம் வீட்டுக்காரர் தன் சாய்வு நாற்காலியில் இருந்தபடி என்னிடம் சம்பளம் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், ஒன்றிலும் முகம் தெளியவில்லை. அப்புறம் சொந்த ஊர் கேட்டார். கல்லிடை, அங்கே அப்பா வீடு இருக்கிறது என்றேன். "அங்க வீடு இருக்குல்லா, அப்ப சரி" என்று உடனே சாவியை எடுத்து நீட்டினார். அந்த வீட்டை வைத்துத்தான் எனக்கு இந்த வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு நான் அதில் ஒரு ராத்திரிகூடத் தங்காவிட்டாலும், நான் போகக்கூடியவன் என்பதற்கு அது அத்தாட்சி. அப்பாவின் மூன்று வருஷ மாற்றல், சித்தப்பா மகனின் பீகார் ரயில், என் கல்லிடை வீடு, எல்லாம் ஒரே சான்றிதழ்தான். இன்னொரு வீடு வைத்திருக்கிறவனுக்குத்தான் நாங்கள் வீடு கொடுப்போம். வீடே இல்லாதவனைக் கண்டால்தான் பயம்.

ஒரு கூட்டம் சேரன்மகாதேவியில் ஏறியது. எழுந்து ஒருத்தருக்கு இடம் விட்டேன். போன் போட்டு "வாங்க" என்று சொன்னது மறுநாள்தான். ராத்திரி முழுக்க யோசிக்கிற அளவுக்கு எனக்கும் பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ரேஷன் கார்டு

வாடகை 4,000 என்று பேசினோம். முன்பணம் மூன்று மாதம்தான், 12,000 என்று ரயிலில் நினைத்துக்கொண்டே போனவன், அவர்களாகவே ஓய்வுப் பணத்திலிருந்து 50,000 எடுத்துவந்து மஞ்சப்பையோடு நீட்டியபோது 30,000 வாங்கிக்கொண்டேன். ஏன் 30,000 என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவில் எங்கேயோ நின்றிருக்கிறேன். ஒப்பந்தம் 11 மாதம். வெள்ளிக்கிழமை பார்த்துப் பால் காய்ச்சினார்கள், எனக்கும் ஒரு டம்ளர்.

மாசியில் மகள் போன் செய்து, ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற வேண்டும், ஒப்பந்த நகல் வேண்டும் என்றார்கள். பழைய கார்டில் எஸ்டேட் விலாசம். நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் தரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய். 2022 கடைசியில் கரண்ட் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பதறினாரே, வாடகைக்காரன் ஆதார் ஏறிவிட்டால் வீடே அவன் பெயருக்குப் போய்விடும் என்று, அப்போது நானும் என் மனைவியும் அவரை நினைத்து நினைத்துச் சிரித்தோம். இப்போது அதே பதற்றத்தோடு நான் ஒரு தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்தக் கார்டு இல்லாவிட்டால் அரிசி இல்லை, பருப்பு இல்லை, மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையில் குழப்பம். எனக்கு அதெல்லாம் தெரியும். கடைசியில் என் மகள்தான் ஒரு நாள், "அந்த அக்காவுக்கு அனுப்பிட்டீங்களாப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சித்திரையில் வீட்டுத் தீர்வை கட்டுவதற்காகக் கல்லிடை போனேன். வெயில் கொளுத்தியது. பெரியம்மா தார்சாவில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சூட்டை அவர்கள் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்கிறார்கள். ஸ்வெட்டர் மடித்து ஜன்னல் திட்டில் இருந்தது. தேயிலை போட்டுக் கொடுத்தார்கள், பால் இல்லாமல்.

பட்டாசலில் நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தொப்பி வைத்த ஒரு மனுஷர், பின்னால் தேயிலைச் சரிவு. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மகள் அவசரமாக அடுக்களையிலிருந்து வந்தார்கள்.

"புதுசா ஆணி ஒண்ணும் அடிக்கலை அண்ணாச்சி. முன்னமே ஒரு ஆணி இருந்துச்சு, அதுல மாட்டிக்கிட்டோம்."

அது அப்பா அடித்த ஆணி. அம்மாவும் அப்பாவும் கல்யாணத்தன்று எடுத்த படம் அதில்தான் முப்பது வருஷம் தொங்கியது. புதுப்படம் கொஞ்சம் சின்னது. அதைச் சுற்றி, பழைய சட்டத்தின் அளவுக்கு, சுவரில் வெளிறிய கட்டம் நான்கு பக்கமும் தெரிந்தது.